மேட்டில் பிறக்கும் வரலாறு

ஆனைகட்டி தாண்டி, கேரளத்து அட்டப்பாடியின் அகளிக்கு வருகிறவர்களில் பல வகை உண்டு. கோட்டத்தறை ஆசுபத்திரிக்கு வருகிறவர்கள், தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் பாய்ந்ததா என்று பார்க்க வருகிறவர்கள், பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறவர்கள். இவர்கள் எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காரை ஓரங்கட்டிவிட்டு, முட்டிக்கு மேலே நிற்கும் கால்சட்டையோடு ரோட்டில் இறங்குகிறாரே, அவருக்குத்தான் ஊரில் யாரும் ஒத்துக்கொள்கிற மாதிரிக் காரணம் எதுவும் கிடையாது. அவர் ஓட வந்திருக்கிறார்.

அட்டப்பாடியில் வளர்ந்த ஆம்பிளை ஒருவர் ஓடினால் மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும். ஆனை வந்திருக்க வேண்டும். பஸ் கிளம்பியிருக்க வேண்டும். மழை பிடித்திருக்க வேண்டும். நான்காவதாக ஒன்று இருக்க முடியும் என்பதைச் சாயாக்கடைக்காரர் இன்னும் நம்பவில்லை.

“ஏனுங்க, ஆனைங்களா?”

“இல்லீங்க. சும்மாதான் ஓடறேன்.”

“சும்மாவா?” என்று கேட்டுவிட்டு, அவர் ரோட்டின் அந்தக் கோடிவரை எட்டிப் பார்ப்பார். சும்மா ஒருவர் இப்படி வேர்க்கமாட்டார் அல்லவா? பின்னால் வரும் ஜீப்காரர் அதைவிட நல்லவர். வேகத்தைக் குறைத்து, “சேட்டா, கேறிக்கோ” என்பார். வேண்டாம் என்று கை காட்டினால், காசு இல்லை போல என்று நினைத்துக்கொண்டு, “பைசா வேண்டா” என்றும் சேர்த்துச் சொல்வார். சுயமரியாதையோடு ஓடுவதற்குச் சிரமமான ஊர் இது.

நம்மவரை விவரித்துவிடுகிறேன். வயது நாற்பதுக்கு மேலே. சர்க்கரை, கொழுப்பு இரண்டும் எல்லைக்கோட்டில். கோவை மாரத்தானில் வாங்கிய பனியன் அடையாள அட்டை மாதிரி. 2013-இலிருந்து நடக்கிற ஓட்டம் அது. நிதி புற்றுநோய் அறக்கட்டளைக்குப் போகிறது. ஆகவே அவர் ஓடினால் யாருக்கோ புண்ணியம் என்று வீட்டில் நம்பவைத்திருக்கிறார். இடுப்புப் பட்டையில் இரண்டு குட்டித் தண்ணீர் பாட்டில், நாலு ஜெல் பாக்கெட். கையில் ஜிபிஎஸ் வாட்ச். தொப்பி தனி, கண்ணாடி தனி. இத்தனையும் மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் பக்கத்து ஊர்ப் பெரியவர் காட்டுக்குப் போய் விறகு கொண்டுவந்து இறக்கியிருப்பார்.

அகளியிலிருந்து தாவளம் வழியாக முக்காலி. இதுதான் அவருக்குப் பிடித்த தடம். “இயற்கையும் வரலாறும் ஒண்ணா இருக்கிற ரூட்டுங்க” என்பார். அதில் பொய்யில்லை. இயற்கை தன் இடத்தில் எப்போதும் இருக்கிறது. வரலாறு மட்டும், அவர் கூட ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேட்டில்தான் தலைகாட்டும்.

அகளியை விட்டுக் கிளம்பும்போது சமதரை. அப்போது அவரிடம் வரலாறே கிடையாது. கடைவீதி, பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ் எல்லாம் ஊமையாய் நகர்ந்து போகும். முதல் ஏற்றம் வரட்டும். நாடித்துடிப்பு நூற்று எழுபதைத் தொடுகிற நொடியில் அவர் சட்டென்று நின்று, இடுப்பில் கை வைத்து, குன்றைச் சுட்டிக் காட்டுவார்.

“இந்த மலையெல்லாம்... ஒரு காலத்துல... மொட்டையா இருந்ததுங்க.”

புள்ளிகள் அவருடையவை, நான் போட்டவை அல்ல. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாக்கியம் முழுசாகும். காடு அழிந்து மண் அரித்துப்போன அட்டப்பாடியை மீட்க ஜப்பான் கடனுதவியில் ‘அஹாட்ஸ்’ என்ற அமைப்பு வந்தது, அதன் தலைமையிடம் இதே அகளி, மலையில் மரம் நட்டார்கள், தடுப்பணை கட்டினார்கள் என்று விவரமாக வரும். இவ்வளவையும் அவர் ஒரு மரத்து நிழலில் நின்றுதான் சொல்வார். நிழல் தரும் மரத்துக்கு நன்றி சொல்வதாகவும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஓட்டத்தில் மூச்சிரைத்து நிற்பவனை உலகம் இளக்காரமாகப் பார்க்கும். வரலாற்றுச் சின்னத்தின் முன்னால் நிற்பவனைப் பார்த்தால் மரியாதை. இந்த இரண்டு நிற்றலுக்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது என்பதைக் கண்டுபிடித்ததுதான் நம்மவரின் சாதனை.

இந்தச் சாதனைக்கு விஞ்ஞானமும் கைகொடுக்கிறது. அவருடைய வாட்சில் ‘ஆட்டோ பாஸ்’ என்று ஒரு வசதி. நின்றால் கணக்கும் நிற்கும். ஓடினால் கணக்கும் ஓடும். ஆகவே ஸ்ட்ராவா என்ற ஓட்டச் செயலியில் அவர் போடுவது ஓடிய நேரம் மட்டும். அதற்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில், மொத்தம் கழிந்த நேரம் என்று ஒன்று இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒன்றேகால் மணி நேரம்தான் வரலாறு.

தாவளத்தில் பவானி. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை கபினி, பவானி, பாம்பாறு என மூன்றுதான். மற்ற 41-ம் ஒழுங்காக மேற்கே போய்க் கடலில் சேரும்போது, இந்தப் பவானி மட்டும் நம் ஈரோட்டை நம்பி வருகிறாள் என்று பாலத்தில் சாய்ந்துகொண்டு உருகுவார். பேச்சு சிறுவாணிக்குத் தாவும். அதுவும் அட்டப்பாடிக்குள்ளேயே பவானியில் கலப்பதுதான். “எங்க கோயமுத்தூர்ல குழாயைத் திறந்தா சிறுவாணிங்க. உலகத்துலயே ருசியில ரெண்டாவது தண்ணி!” முதலாவது எது என்று எந்தக் கோயமுத்தூர்க்காரரும் சொன்னதில்லை, இவரும் சொல்லமாட்டார். சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து எலுமிச்சை வாசனை வரும் ஊதா நிறப் பானத்தை எடுத்துக் குடிப்பார்.

தாவளத்துக்கு அப்பால் எதிரே ஆட்டு மந்தை வந்தால் அதுவும் ஒரு தலைப்பு. அட்டப்பாடிக் கருப்பாடு தனி இனமாகப் பதிவு பெற்றது, மலையேறுவதற்கென்றே வாய்த்த கால் என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கால்கள் அவரைக் கடந்து மேட்டில் ஏறிப் போய்விடும். கூடவே ஆடு மேய்க்கும் நஞ்சியம்மாவின் நினைவும் வந்துவிடும். நக்குப்பதி ஊரின் இருளர் பாட்டி; ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் பாடி, 68-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகியானவர். நக்குப்பதி இந்த வழியிலேயே இல்லையே என்று யாராவது கேட்டால், மூச்சு திரும்பிவிட்டது என்று அர்த்தம். ஓட ஆரம்பித்துவிடுவார்.

முக்காலியை நெருங்க நெருங்க வெயில் தணிந்து காடு அடர்கிறது. கிழக்கே ஆனைகட்டிப் பக்கம் மழை மறைவு நிலம்; முள்ளும் வறண்ட மேடும். மேற்கே வந்தால் மழைக்காடு. ஒரே தாலுகாவுக்குள் இரண்டு வானம். ஆனால் முக்காலியின் பெருமை சைலன்ட் வேலி என்ற காடு. அங்கே வரலாறு எந்த ஆண்டிலிருந்து தொடங்கும் என்பதை அவருடைய நுரையீரல் முடிவு செய்யும்.

லேசாக மூச்சு வாங்கினால் 1973 போதும்: குந்திப்புழையின் குறுக்கே நீர்மின் அணைக்குத் திட்டக்குழு ஒப்புதல் கொடுத்தது, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் கவிஞர் சுகதகுமாரியும் எதிர்த்துக் கிளம்பினார்கள், சோலைமந்தி ஒன்று அணையை நிறுத்தியது, 1984-இல் தேசியப் பூங்கா, 1985-இல் ராஜீவ் காந்தி வந்து முறைப்படி தொடங்கிவைத்தார். கொஞ்சம் அதிகமாக வாங்கினால் 1847. தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் வந்து காட்டை ஆராய்ந்ததிலிருந்து. உயிரே போகிற மாதிரி இருந்தால் மகாபாரதம். பாஞ்சாலியின் இன்னொரு பெயர் சைரந்திரி, அந்தப் பெயரில் உள்ளே ஓர் இடம், குந்தியின் பெயரில் ஆறு, பாண்டவர்கள் வனவாசத்தில் இங்கே வந்தார்கள் என்று ஊரார் நம்பிக்கை. துவாபர யுகத்திலிருந்து ராஜீவ் காந்தி வரை வருவதற்குள் நாடித்துடிப்பு தொண்ணூறுக்கு இறங்கிவிடும்.

அதற்கு மேலே ஓட வேண்டாமா? வனத்துறை அவர் மானத்தைக் காப்பாற்றுகிறது. முக்காலியிலிருந்து சைரந்திரிக்கு 23 கிலோமீட்டர். வனத்துறை அனுமதித்த வண்டியில் வழிகாட்டியோடுதான் போகலாம். “விட்டா ஓடிருவேனுங்க. சட்டம் விடமாட்டேங்குது” என்று கேட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சில் துக்கம் எவ்வளவு, சந்தோஷம் எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம்.

அடுத்தது சாயாக்கடை. கட்டன் சாயாவும் பழம்பொரியும் வந்ததும், ஓட்டத்தின் நடுவில் தின்பதா என்று கூட வந்த இளைஞர் முறைப்பார். அதற்கும் ஆதாரம் வைத்திருக்கிறார். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதல் மாரத்தானை வென்ற தண்ணீர் சுமக்கும் தொழிலாளி ஸ்பைரிடன் லூயிஸ், வழியில் பிக்கெர்மி என்ற ஊரில் நின்று ஒரு கோப்பை ஒயின் குடித்துவிட்டுத்தான் ஓடினான் என்று கதை. பிரான்சில் மெடாக் மாரத்தான் என்று இன்றைக்கும் நடக்கிறது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே பழைய மாளிகை மாளிகையாக நின்று ஒயின் ருசித்து, மாறுவேடத்தில் ஓடுகிறார்கள். “அவங்க ஒயின் குடிச்சா பாரம்பரியம், நான் பழம்பொரி தின்னா குத்தமா?” என்பார். இந்தக் கேள்விக்கு எண்ணெயில்தான் பதில் இருக்கிறது என்றாலும், யாரும் எடுத்துக்கொடுப்பதில்லை.

திரும்பும் வழி இறக்கம். அப்போது அவரைப் போல வரலாறு அறியாதவர் உலகத்தில் இல்லை. காலையில் உருகிய அதே பவானி, அதே பாலம், அதே மலை. ஒரு வார்த்தை வராது. “அந்த மரத்தைப் பத்திச் சொன்னீங்களே...” என்று ஆரம்பித்தால், “அப்புறம், அப்புறம்” என்று பறந்துவிடுவார். தாவளம் தாண்டி எங்காவது ஒரு சின்ன மேடு குறுக்கிட்டால் மட்டும் மல்லீஸ்வரன் முடி ஞாபகத்துக்கு வரும்.

அப்படி ஒருமுறை நின்று, 1,664 மீட்டர் உயரம், மலையையே சிவனாகக் கும்பிடுகிறார்கள், சிவராத்திரிக்கு விரதமிருந்து மேலே ஏறித் தீபம் வைப்பார்கள் என்று அவர் எங்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்த ஒரு மூப்பன், அதாவது பழங்குடி ஊர்த் தலைவர், பொறுமையாக முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, “எல்லாஞ் சரியாத்தேன் சொல்ற. நீ ஏறிருக்கியா சாமி?” என்றார். இல்லை என்று தலையாட்டினார் நம்மவர். “நா முப்பது தடவ ஏறிட்டேன். செருப்பில்லாம. வழியில நின்னு பேசுனதில்ல” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் எழுந்து போனார். அன்றைக்கு மீதித் தூரத்தை நம்மவர் ஒரே மூச்சில் ஓடி முடித்தார். அவமானத்துக்கு எந்த ஜெல்லிலும் இல்லாத சக்தி இருக்கிறது.

கேலி போதும், நியாயத்தையும் சொல்லவேண்டும். எங்கள் கூட்டத்தில் இன்னொருவர் இருக்கிறார், நிஜமான வேகக்காரர். அகளியில் காலை வைத்தால் முக்காலியில்தான் எடுப்பார். “வழியில என்னங்க பாத்தீங்க?” என்றால், “வாட்சைப் பாத்தேன்” என்பார். காரில் கடப்பவர்களோ அதையும் பார்ப்பதில்லை. பவானி எந்தத் திசையில் போகிறது, எந்த மேட்டில் துவரை விளைகிறது, ஆட்டுக்கொம்பு அவரை எந்தச் சந்தையில் கிடைக்கும், நேற்று ராத்திரி ஆனை எந்தத் தோட்டத்தில் இறங்கியது, இவை அத்தனையும் தெரிந்த ஒரே ஆள் மூச்சு வாங்குகிறவர்தான். நிற்பதற்குச் சாக்கு தேட ஆரம்பித்தவர், நின்ற இடத்தில் நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்தார்; அடுத்த வாரம் சொல்வதற்குப் புதுசாக வேண்டுமே என்று புத்தகம் வாங்கிப் படித்தார். இப்போது மூப்பன் வந்தால் இவர் பேசுவதில்லை, கேட்கிறார். பலவீனமான நுரையீரல் ஒரு மனிதனை இவ்வளவு படிப்பாளியாக்கும் என்று எந்த டாக்டரும் எழுதியதில்லை.

அதனால்தான் எங்களுக்கு இப்போது கவலை. மூன்று மாதமாக அவர் ஒரு கோச்சிடம் சேர்ந்திருக்கிறார். வாரம் இருமுறை மருதமலைப் படிக்கட்டு, காலையில் கேழ்வரகுக் கூழ், சாயங்காலம் மூச்சுப் பயிற்சி. எடை ஆறு கிலோ குறைந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அஹாட்ஸ் மேட்டை நிற்காமல் தாண்டினார். தாவளம் பாலத்தில் ஆறு பக்கமே திரும்பவில்லை. முக்காலி போய்ச் சேர்ந்ததும், 1973ஆம் ஆண்டாவது வருமா என்று நாங்கள் சுற்றி நின்றோம். அவர் வாட்சைப் பார்த்தார்.

“பெர்சனல் பெஸ்ட்டுங்க!” என்றார். அவ்வளவுதான்.

கோச்சிடம் நாங்கள் தனியாகப் பேசியாயிற்று. ஆளுக்கு நூறு ரூபாய் போட்டுத் தருகிறோம், பயிற்சியைக் கொஞ்சம் தளர்த்துங்கள் என்றோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். சரிப்படாவிட்டால் அடுத்த வாரம் மன்னார்க்காட்டுச் சுரத்தில் அடியிலிருந்து ஓடவிடுவதாகத் தீர்மானம். கொண்டையூசி வளைவுகள் வரிசையாக இருக்கின்றன. மன்னார்க்காட்டுப் பழைய நிலப்பிரபு மூப்பில் நாயரின் கதையில் ஆரம்பித்தாலும் மேலே வருவதற்குள் பாண்டவர்கள் வந்தே தீரவேண்டும்.