இன்னைக்கா, நாளைக்கா?

திருவனந்தபுரத்துப் பழக்கடையில் விலை சொல்வதற்கு முன்னால் ஒரு விசாரணை உண்டு. "இன்னைக்குத் தின்னவா, நாளைக்கா?" பதிலைப் பொறுத்துத்தான் எந்தக் குலையில் கத்தி விழும் என்பது முடிவாகும். எங்கள் வீட்டுக்காரர் மட்டும், "பத்து நாளைக்கு வேணும்" என்பார். கடைக்காரர் என்னைப் பார்ப்பார். நான் மேலே கயிற்றில் தொங்கும் குலைகளை எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே சாலைக் கம்போளம் என்ற சந்தையை ஏற்படுத்தினார். அன்றிலிருந்து இன்றுவரை அங்கே யாரும் பத்து நாளைக்குப் பழம் கேட்டிருப்பார்கள் என்று தோன்றவில்லை. பாளையங்கோடன், ரசகதலி, ஞாலிப்பூவன், சிவப்பாய்க் கப்பைப்பழம், களக்காட்டிலிருந்து லாரி ஏறி வரும் ஏத்தன், எங்கள் குமரி மாவட்டத்து மட்டி. மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அந்தக் கௌரவத்துக்காகவாவது கூட ஒரு நாள் தாங்குமா என்றால், தாங்காது.

ஆனால் இவர் ஓய்வு பெற்றவர். கைவசம் நேரமும் கைப்பேசியும் இருக்கின்றன. முதலில் சீப்பைத் தொங்கவிட ஒரு வளைந்த கம்பி வந்தது. அடிபடாது, நசுங்காது என்ற வரைக்கும் சரிதான். அப்புறம் காம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள். காம்பு வழியாகத்தான் எத்திலீன் வாயு கசிந்து பழத்தைப் பழுக்கவைக்கிறதாம். பழம் தோல் முழுவதும் எத்திலீன் விடும்போது காம்புக்கு மட்டும் முகக்கவசம் போட்டு என்ன பயன்? இதில், பார்க்க அழகாயிருக்கட்டும் என்று பக்கத்திலேயே ஆப்பிள்களையும் அடுக்கிவைத்தார். ஆப்பிளும் எத்திலீன் விடுவதில் சளைத்ததில்லை. மறுநாள் காலையில் வீடே கோயில் பஞ்சாமிர்தமாய் மணந்தது.

அடுத்தது ஃப்ரிட்ஜ். வாழை வெயிலில் வளர்ந்த ஜீவன். சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் அதற்கு ஆகாது. கப்பலில் கண்டம் விட்டுக் கண்டம் போகும் காய்க்குக்கூட அந்த அளவோடு குளிரை நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் ஃப்ரிட்ஜில் நாலைந்து டிகிரி. பழுத்ததை வைத்தால் தோல் கறுக்கும், உள்ளே இரண்டு மூன்று நாள் நன்றாகவே இருக்கும். இவர் பச்சைச் சீப்பையும் சேர்த்து உள்ளே தள்ளினார். குளிரில் அடிபட்ட காய் வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. அது பழமாகவும் இல்லை, காயாகவும் இல்லை.

"தோலுதான் கறுத்திருக்கு, உள்ள நல்லாருக்கும், தின்னு பாரு."

"நீங்க தின்னுட்டுச் சொல்லுங்க."

சொல்லவில்லை.

மாடி வீட்டுச் சேச்சியிடம் வளைந்த கம்பியும் கிடையாது, பிளாஸ்டிக் தாளும் கிடையாது. அவர் வீட்டில் ஏத்தன் வாழ்நாள் முழுக்க வேலையில் இருக்கும். பச்சையாக இருக்கும்போது மெழுக்குபுரட்டி. உரித்த தோல்கூட வன்பயறோடு தோரனாகும். மஞ்சளானால் ஆவியில் வேகவைத்துப் புட்டுக்குத் துணை. கரும்புள்ளி விழுந்து, நாம் மூக்கைச் சுளிக்கும் கட்டத்தில்தான் அதற்கு யோகம்: மாவில் முக்கி எண்ணெயில் போட்டால் பழம்பொரி. கன்னங்கறுத்த பாளையங்கோடனா? உண்ணியப்ப மாவுக்குள் போய்விடும். பழத்தைக் காப்பாற்றும் கவலையே அந்த வீட்டில் எழுவதில்லை. இன்று அது எந்தச் சட்டிக்குப் போகும் என்பதுதான் பேச்சு.

போன ஓணத்தின்போது விலை ஏறும் என்று பயந்து இவர் ஒரு முழு ஏத்தன் குலையே வாங்கி வந்துவிட்டார். எல்லாக் காயும் பேசிவைத்துக்கொண்டதுபோல் ஒரே நாளில் பழுத்தன. நான் சேச்சியைக் கூப்பிட்டேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பழம்பொரி. தட்டோடு வாசலில் நின்று எல்லாருக்கும் கொடுத்தவர் இவர்தான். "நாங்க எப்பவுமே இப்படித்தான், வச்சிருந்து பழக்கமில்ல" என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது பலாச் சக்கை சீசன் வருகிறது. நேற்று ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்.