முருங்கை வீட்டில் சம்பந்தம் பேசப் போகிறவர்களுக்கு

கிளம்புவதற்கு முன் வீட்டு நிலவரம் தெரிந்திருக்க வேண்டும். மொரிங்கேசி சின்னக் குடும்பம். மொரிங்கா என்று ஒரே பேரினம், மொத்தம் 13 இனங்கள், அத்தனை பேரும் ஒரே கோத்திரம். பக்கத்து அவரை வீட்டில் பேரினங்களே 700-க்கு மேல். பந்தி போட்டால் தெரு கொள்ளாது. இங்கே ஒரு ஜமுக்காளம் விரித்தால் போதும்.

தரகர் பேச்சை நம்பி ஜாதகம் வாங்காதீர்கள். தாவரங்களுக்கெல்லாம் ஜாதகம் எழுதிய லின்னேயஸே 1753-ல் இந்த வீட்டு வாசலில் சறுக்கி விழுந்தார். முருங்கையைக் கழற்சிக்காயோடு சேர்த்து கிலாண்டினா என்று எழுதிவிட்டார். கழற்சி அவரைக்குப் பங்காளி. முருங்கைக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பத்து வருஷம் கழித்து, 1763-ல், ஆடன்சன் என்ற தாவரவியலாளர் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். மொரிங்கா என்ற பெயர் வேறொன்றுமில்லை, நம் பக்கத்து முருங்கைதான் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறது.

கோத்திரம் பார்க்க ஜோசியர் வேண்டாம், சாம்பார் போதும். வெந்த முருங்கைக்காயை இலையோரம் ஒதுக்கி விரலால் பிரியுங்கள். மூன்றாகப் பிரிகிறதா? சரியான வீடுதான். அவரைக்காய் ஒற்றைச் சூலிலையில் ஆனது, இரண்டாகத்தான் பிளக்கும். முருங்கைக்கு மூன்று சூலிலை. மரத்திலேயே முற்றவிட்டால் நெற்று மூன்றாக வெடித்து, காகிதம் போல மூன்று சிறகு வைத்த விதைகளை உதிர்க்கும். (முருங்கைக்காய் என்றதும் உங்களில் சிலருக்கு ‘முந்தானை முடிச்சு’ ஞாபகம் வரும். சம்பந்தி வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.)

பூவைப் பார்க்கும்போது அவசரப்படக் கூடாது. பொரியலுக்கு உதிர்க்கிற கையோடு பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு லென்ஸ் எடுத்துப் போங்கள். ஐந்து புல்லிதழ், ஐந்து அல்லிதழ், எல்லாமே ஏறக்குறைய வெள்ளை என்பதால் பத்து இதழ் என்று ஏமாறுவீர்கள். அல்லிகளில் ஒன்று மட்டும் நிமிர்ந்து நிற்கும், மற்றவை பின்னால் மடங்கிக் கிடக்கும். உள்ளே ஐந்து மகரந்தத் தாள்கள்தாம் வேலை செய்கின்றன. நடுநடுவே வேறு சில தாள்கள் மகரந்தம் இல்லாமல் சும்மா நிற்கும். எந்தக் கல்யாண வீட்டில்தான் அப்படி நாலு பேர் இல்லை?

அடுத்து ரத்த சொந்தம். வேரைக் கீறி முகர்ந்து பாருங்கள் (முகர மட்டும், தின்ன அல்ல). மூக்கில் ஏறுகிற அந்தக் காரம் கடுகு வகையறாவின் காரம். முட்டைக்கோஸ், முள்ளங்கி எல்லாம் தூரத்துச் சித்தப்பா முறை. கிட்டத்துச் சொந்தம் யார் தெரியுமா? பப்பாளி. நம்பாதவர்கள் பப்பாளி விதை ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு வந்து பேசலாம்.

சொத்து விசாரிக்க அலைச்சல் அதிகம். இந்தியாவில் முருங்கையும் காட்டுமுருங்கையும் மட்டும்தான். பெரும்பாலோர் எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா பக்கம். மடகாஸ்கரில் இரண்டு பேர் அடிமரம் ஊதி, பாட்டில் போல நிற்கிறார்கள். பெண் கொஞ்சம் பூசினாற்போல இருந்தால் தேவலை என்பவர்கள் அங்கே போகலாம். நமீபியாவில் ஒருவருக்குப் பேய்மரம் என்றே பெயர். அந்த ஊர்க்காரர்கள் விக்கிரமாதித்தன் கதை கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் வேதாளம் எந்தக் குடும்பத்து மரத்தில் ஏறும் என்று எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

சீராகக் கட்டில், பீரோ எதிர்பார்க்காதீர்கள். கிளையில் ஒரு பையன் ஏறினாலே முறியும். கீரையும் காயும் கொஞ்சம் பிசினும் வரும்.

கடைசியாக ஒன்று, நிச்சயதார்த்தத்தை மழைக்காலத்தில் மரத்தடியில் வைக்காதீர்கள். அடிமரத்தில் அப்பிக்கொண்டு கூட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் பெண் வீட்டார் அல்ல, கம்பளிப்பூச்சிகள். முதுகைச் சொறிந்துகொண்டே தாம்பூலம் மாற்றினால் போட்டோவில் நன்றாக விழாது.