பத்து மேஜை, ரெண்டு கட்சி

கேள்வி: நாலு பேருக்கு இடம் கிடைக்காத ஓட்டலுக்கு எதற்கு இத்தனை புகழ்?

பதில்: நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் ‘ராவ்ஸ்’ இத்தாலிய உணவகத்தை வைத்து நடக்கும் சண்டையும் இதுதான். 1896-ல் தொடங்கிய கடை. மொத்தமே பத்து மேஜை.

1977-ல் நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் மிமி ஷெரட்டன் மூன்று நட்சத்திரம் கொடுத்ததும் கூட்டம் முட்டி மோதியது. கடைக்காரர்களோ மேஜைகளைப் பழைய வாடிக்கையாளர்களுக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவர்களில் யாராவது மனமிரங்கித் தன் மேஜையைத் தந்தால் புதியவருக்கு யோகம். இடம் கேட்டவர்களையெல்லாம் திருப்பி அனுப்பியே உரிமையாளர் ஃபிராங்க் பெல்லெக்ரினோவுக்கு ‘ஃபிராங்கி நோ’ என்று பெயர் வந்தது.

சண்டையின் நடுவே இருப்பது இந்தக் கடையின் நெருப்பில் வாட்டிய கோழி. அதன்மேல் எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், பூண்டு, ஆரிகானோ கலந்த சாறு. இதற்கு ஈடே இல்லை என்பது ஒரு கட்சி. வீட்டுச் சமையலுக்கு இத்தனை பில்டப்பா என்பது எதிர்க்கட்சி. புகழ் வந்த பிறகும் தெருக்காரரைக் கைவிடாத கடை என்பதால், முதல் கட்சிக்கே நம் ஓட்டு.

மேஜை கிடைக்காதவர்களுக்கு 1992 முதல் அவர்களுடைய தக்காளி சாஸ் பாட்டிலில் கிடைக்கிறது. அந்த சாஸ் நிறுவனத்தை 2024-ல் காம்ப்பெல் சூப் நிறுவனம் சுமார் 270 கோடி டாலருக்கு வாங்கியது. பழைய ருசி நிலைக்குமா என்று இப்போது அதிலும் ரெண்டு கட்சி!