வருண லிங்கத்துக்குப் பக்கத்தில் ஓர் அட்மிரல்

இந்த வாரத் தபாலில் பாதி அடி அண்ணாமலையிலிருந்தும் அதைச் சுற்றியும் வந்தவை. கடலுக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்குத் திடீரென்று கப்பல் ஆசை ஏன் வந்தது என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கே: தினமும் என் கடைக்கு டீ குடிக்க வரும் வெளிநாட்டுப் பெரியவர், தான் ரிட்டயர்டு ரியர் அட்மிரல் என்கிறார். நம்பிக் கடன் கொடுக்கலாமா?
(டீக்கடைக்காரர், கிரிவலப் பாதை, அடி அண்ணாமலை)

ப: கடன் விஷயத்தில் அட்மிரலும் ஆண்டியும் ஒன்றுதான், ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள். பதவியைச் சோதிக்க வழி இருக்கிறது. யூனிஃபார்மில் எடுத்த பழைய போட்டோ கேளுங்கள். பிரிட்டிஷ் கடற்படை என்றால் சட்டைக் கையின் விளிம்பில் அகலமான தங்கப் பட்டை ஒன்று இருக்கும். அதற்கு மேலே மெல்லிய பட்டை ஒன்று இருந்தால் ரியர் அட்மிரல், இரண்டு இருந்தால் வைஸ் அட்மிரல், மூன்று இருந்தால் முழு அட்மிரல். அகலப் பட்டை மட்டும்தான் என்றால் அவர் கமடோர். டீக்காசோடு ஒரு புரமோஷனும் பாக்கி.

கே: என் அக்கா மாப்பிள்ளை ராணுவத்தில் கேப்டன். எதிர்வீட்டுப் பிள்ளை நேவியில் கேப்டன். யார் பெரியவர்?
(இல்லத்தரசி, அடி அண்ணாமலை)

ப: எதிர்வீட்டுப் பிள்ளை. நேவி கேப்டன், ராணுவத்தில் கர்னலுக்குச் சமம். அடுத்த படி கமடோர், அதற்கடுத்து ரியர் அட்மிரல். அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.

கே: சுதந்திரம் வந்த அன்றே வெள்ளைக்கார அட்மிரல்களும் மூட்டை கட்டிவிட்டார்களா?
(ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், திருவண்ணாமலை)

ப: அதுதான் இல்லை ஐயா. தரைப்படைக்கு 1949 ஜனவரியிலேயே கரியப்பா வந்துவிட்டார். விமானப்படைக்கு 1954இல் சுப்ரதோ முகர்ஜி. கடற்படையில் மட்டும் ஹால், பேரி, பிஸி, கார்லில் என்று வரிசையாக நான்கு பிரிட்டிஷ் அதிகாரிகள் 1958 வரை நாற்காலியை விடவில்லை. பெரிய கப்பல்களை அணியாக நடத்திப் பழகிய இந்திய அதிகாரிகள் அப்போது இல்லை என்பது காரணம். பழகவிடாதவர் யார் என்று நீங்கள் உங்கள் மாணவர்களிடம் கேட்டிருப்பீர்கள்.

1958 ஏப்ரல் 22 அன்று கார்லிலிடமிருந்து பொறுப்பை வாங்கிய முதல் இந்தியர் ராம் தாஸ் கடாரி. பிறந்தது 1911இல், நம் செங்கல்பட்டில்! 'டஃப்ரின்' பயிற்சிக் கப்பலின் முதல் அணி மாணவர். ஹூக்ளி நதியில் ஆழம் அளக்கும் வேலை பார்த்துவிட்டு, உலகப் போர் வெடித்ததும் கடற்படையில் சேர்ந்தவர். அவர் தலைவராக இருந்தபோதுதான் முதல் விக்ராந்த் வந்தது, கோவாவும் வந்தது. இத்தனைக்கும் அவருடைய பதவி வைஸ் அட்மிரல்தான். முழு அட்மிரல் பட்டம் நம் கடற்படைத் தலைவருக்குக் கிடைத்தது 1968இல், ஏ.கே. சாட்டர்ஜி காலத்தில்.

கரியப்பாவின் பெயர் வினாடி வினாவில் வராத பள்ளிக்கூடம் இல்லை. கடாரியின் பெயரைச் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் நின்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் கடாரம் கொண்டான் என்பார்கள்.

கே: கடாரம் கொண்டானின் அட்மிரல் யார்? வாட்ஸ்அப்பில் சோழர் கடற்படையின் பதவிப் பட்டியலே வருகிறதே?
(கல்லூரி மாணவர், செங்கம்)

ப: அந்தப் பட்டியல் எனக்கும் வந்தது, மூன்று குழுக்களிலிருந்து. 1025 வாக்கில் ராஜேந்திரன் படை கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தை அடித்தது உண்மை. அவனுடைய மெய்க்கீர்த்தி பிடித்த ஊர்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறது. கப்பலை நடத்திய தளபதியின் பெயரை மட்டும் சொல்லவில்லை. புகழ் முழுக்க மன்னனுக்கே. கல்வெட்டு சொல்லாததை ஃபார்வேர்டு சொன்னால் சந்தேகப்படுங்கள்.

கே: அட்மிரல் ஆகத் திறமை வேண்டுமா, அதிர்ஷ்டம் வேண்டுமா?
(அரசு அலுவலர், திருவண்ணாமலை)

ப: பழைய பிரிட்டிஷ் கடற்படையில் ஆயுள் வேண்டும். கேப்டன் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் அதற்கப்புறம் சீனியாரிட்டிதான். முன்னால் இருப்பவர் செத்தால் நீங்கள் ஓர் இடம் நகரலாம். அட்மிரல்களிலும் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறப் பிரிவுகள் உண்டு. நீலத்தில் நுழைந்து ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். டிரஃபால்கரில் இறந்தபோது நெல்சனே வெள்ளைப் பிரிவின் வைஸ் அட்மிரல்தான். தகுதி போதாத சீனியர் கேப்டனை என்ன செய்வது? ரியர் அட்மிரல் என்று பட்டம் கொடுத்து, எந்த நிறமும் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்புவார்கள். அவர்களுக்கு 'மஞ்சள் அட்மிரல்' என்று கேலிப் பெயர். நிறப் பிரிவுகள் 1864இல் ஒழிந்தன.

இந்த முறையின் உச்சம் ப்ரோவோ வாலிஸ் என்பவர். 1791இல் பிறந்தார். நான்கு வயதிலேயே அப்பா பையனின் பெயரைக் கடற்படை ஏட்டில் ஏற்றிவிட்டார். 1813இல் 'ஷானன்' கப்பலின் கேப்டன் காயம்பட்டுக் கிடந்தபோது சில நாள் அதை இவர் நடத்தினார். பிரெஞ்சுப் போர்க் காலத்தில் கப்பலை நடத்தியவர்கள் சாகும்வரை பணியிலேயே இருக்கலாம் என்று பின்னால் ஒரு விதி வந்தது. அந்தச் சில நாள் தயவில் வாலிஸ் ஓய்வே பெறவில்லை. 1892இல் நூறு வயதில் இறக்கும்போது அவர் பணியிலிருந்த அட்மிரல் ஆஃப் தி ஃப்ளீட்! உங்கள் ஆபீஸில் இந்தக் கதையைச் சொல்லி வைக்காதீர்கள், யாராவது மனுப் போடுவார்கள்.

கே: அட்மிரல் தப்புச் செய்தால் டிரான்ஸ்ஃபரா, சஸ்பென்ஷனா?
(பஸ் நடத்துநர், வேட்டவலம்)

ப: சுட்டே கொன்றிருக்கிறார்கள். ஜான் பிங் என்ற பிரிட்டிஷ் அட்மிரலை 1756இல் மினார்கா தீவைக் காப்பாற்ற அனுப்பினார்கள். பிரெஞ்சுக்காரர்களோடு பட்டும் படாமலும் ஒரு சண்டை போட்டுவிட்டு ஜிப்ரால்டருக்குத் திரும்பினார், தீவு போய்விட்டது. கோழை அல்ல என்று ராணுவ நீதிமன்றமே சொன்னது. ஆனால் முடிந்த மட்டும் முயலவில்லை என்ற குற்றத்துக்குச் சட்டத்தில் இருந்த ஒரே தண்டனை மரணம். கருணை காட்டும்படி நீதிபதிகள் கேட்டும் அரசர் இரண்டாம் ஜார்ஜ் மசியவில்லை. 1757 மார்ச் 14 அன்று கப்பல் தளத்தில் ஒரு மெத்தையின் மேல் மண்டியிட்டு, தன் கைக்குட்டையைத் தானே கீழே போட்டுச் சுடுவதற்குச் சைகை கொடுத்தார் பிங். தீவைக் காக்கப் போதுமான கப்பலும் ஆளும் கொடுக்காத மந்திரிகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

கே: நேர்மையான அட்மிரல் ஒருவராவது?
(அதே நடத்துநர்)

ப: சார்லஸ் வாட்சன். 1756 அக்டோபரில் கிளைவும் இவரும் சென்னையிலிருந்துதான் வங்காளம் புறப்பட்டார்கள். உமிசந்த் என்ற வியாபாரியை ஏமாற்ற கிளைவ் சிவப்புத் தாளில் ஒரு பொய் ஒப்பந்தம் தயாரித்தார். வாட்சன் கையெழுத்துப் போட மறுத்தார். என்ன நடந்தது? வாட்சனின் கையெழுத்தை வேறொருவர் போட்டார். சில மாதங்களில் வாட்சன் கல்கத்தாவில் காய்ச்சலில் இறந்தார், கிளைவ் பிரபு ஆனார்.

கே: நம் பக்கத்துக் கடலில் ஐரோப்பிய அட்மிரல்கள் நேருக்கு நேர் மோதியது உண்டா?
(நூலகர், போளூர்)

ப: ஏன் இல்லை? 1782 பிப்ரவரி முதல் 1783 ஜூன் வரை பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் பிரிட்டிஷ் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸும் ஐந்து முறை மோதினார்கள். சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூர் பக்கம் மூன்று, இலங்கைக் கரையில் இரண்டு. இடையில் கடலூர் அருகே ஹைதர் அலியைச் சந்தித்துப் பேசினார் சுஃப்ரேன். கடைசிச் சண்டை கடலூரில், 1783 ஜூன் 20. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தபோது ஜூன் முடியப் போகிறது. செத்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. சுஃப்ரேன் ஊர் திரும்பியதும் அவருக்கென்றே புதிதாக ஒரு வைஸ் அட்மிரல் பதவியை உண்டாக்கினார் பிரெஞ்சு அரசர்.

கே: சென்னையில் குண்டு போட்ட எம்டன் கப்பல் தலைவர்?
(எலக்ட்ரீஷியன், அடி அண்ணாமலை)

ப: ஃபான் முல்லர். அட்மிரல் அல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனார். அவருடைய மேலதிகாரி வைஸ் அட்மிரல் ஃபான் ஸ்பே. அந்த டிசம்பரில் ஃபாக்லாந்து தீவருகே தன் இரண்டு மகன்களோடு ஒரே நாளில் கடலில் போனார்.

கே: தமிழர் யாராவது அட்மிரல் ஆனார்களா?
(இலங்கைத் தமிழர், திருவண்ணாமலை)

ப: உங்கள் நாட்டிலேயே இருவர் கடற்படைத் தளபதியாக இருந்தார்கள். ராஜன் கதிர்காமர், ரியர் அட்மிரல், 1960 முதல் 1970 வரை. லக்ஷ்மன் கதிர்காமரின் அண்ணன். அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் ஒரு தமிழர் அமர 2017 ஆயிற்று. டிராவிஸ் சின்னையா ஆகஸ்டில் பொறுப்பேற்று, அக்டோபரில் அட்மிரல் பட்டத்தோடு ஓய்வு பெற்றார். ஒருவருக்குப் பத்து வருடம், இன்னொருவருக்கு இரண்டே மாதம். இடையில் நடந்ததை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கே: கடலே இல்லாத எங்கள் ஊருக்கும் அட்மிரலுக்கும் என்ன சம்பந்தம்?
(பூக்கடைக்காரர், அடி அண்ணாமலை)

ப: கடலே இல்லாத ஹங்கேரி நாட்டையே ஓர் அட்மிரல் 24 வருடம் ஆண்டார், தெரியுமா? மிக்லோஷ் ஹோர்த்தி. ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் கடைசிக் கடற்படைத் தளபதி. பேரரசு உடைந்தது, கப்பல் போனது, கடற்கரையும் போனது. மனிதர் 1920இல் அரசப் பிரதிநிதியாக உட்கார்ந்து 1944 வரை எழுந்திருக்கவில்லை.

அவ்வளவு தூரம் எதற்கு? அரக்கோணத்தில் இருக்கும் ராஜாளி விமானத் தளம் கடற்படையுடையது. கோயம்புத்தூரில் அக்ரணி என்ற பயிற்சி நிலையம். இரண்டுக்கும் கப்பலுக்கு வைப்பது போலவே 'ஐ.என்.எஸ்.' என்ற அடைமொழி உண்டு. உங்கள் கடையிலிருந்து சற்று நடந்தால் வருண லிங்கம். நம் கடற்படையின் இலச்சினையில் இருப்பதும் வருணனை வேண்டும் வேத வாக்கியம்தான். பிரெஞ்சுக் கடற்படையோடு சேர்ந்து நடத்தும் பயிற்சிக்கும் 'வருணா' என்றே பெயர். பௌர்ணமிக்கு டீக்கடை அட்மிரலை அங்கே அழைத்துப் போங்கள், சந்தோஷப்படுவார்.

கே: அட்மிரல்களின் தோள்பட்டையை மாற்றிவிட்டார்களாமே?
(தையல்காரர், கீழ்பென்னாத்தூர்)

ப: 2023 டிசம்பர் கடைசியில். அதில் இருந்த 'நெல்சன் வளையம்' போய், சிவாஜியின் முத்திரையை ஒட்டிய எண்கோணம் வந்தது. கொடியில் இருந்த புனித ஜார்ஜ் சிலுவை அதற்கு முந்தைய வருடமே போய்விட்டது. மாற்றம் சரிதான் என்பது என் கட்சி. ஆனால் 75 வருடம் ஏன் ஆயிற்று என்ற கேள்விக்கு எந்தக் கட்சியிடமும் பதில் இல்லை.

கே: பெண்கள்?
(ஒரே வார்த்தையில் கேட்ட வாசகி, ஆரணி)

ப: புனிதா அரோரா. 2005இல் வைஸ் அட்மிரல். அடுத்து ஆர்த்தி சரின், 2024இல் முப்படை மருத்துவச் சேவைக்கே தலைவர் ஆனார். இருவருமே டாக்டர்கள். போர்க்கப்பல் அணியை நடத்தும் பெண் அட்மிரலை நான் பார்க்க ஆசைப்படுகிறேன். 2022 முதல் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பெண்களும் சேருகிறார்கள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கே: நான் பிளஸ் டூ. அட்மிரல் ஆக வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?
(அரசுப் பள்ளி மாணவன், அடி அண்ணாமலை)

ப: தம்பி, இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படிக்கிறாயா? அப்படியென்றால் யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்தும் என்.டி.ஏ. தேர்வு எழுது. வயது பதினாறரைக்கு மேல், பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். ஜே.இ.இ. மெயின் எழுதினால் கண்ணூர் பக்கம் எழிமலை அகாடமியில் பி.டெக். வழியாகவும் போகலாம். இரண்டுக்கும் நேர்முகத் தேர்வு உண்டு. தேர்வாகி, பயிற்சி முடித்து, அதிகாரியாகி, முப்பது வருடம் போல உழைத்தால் ரியர் அட்மிரல் கண்ணில் படலாம். விண்ணப்பத் தேதியைத் தவற விடாதே. நீச்சல் தெரியாது என்றால் இந்தக் கோடை விடுமுறையிலேயே கற்றுக்கொள்.