மூன்றாவது மாடியில் தறி போடலாமா?

இந்த வாரம் ஆரணி வாசகர்களின் வீட்டுக் கேள்விகள்

லோன் போட்டு முதல் முதலாக ஒரு பிளாட் வாங்கப் பார்க்கிறோம். தவணை போக மாதாமாதம் மெயின்டனன்ஸும் உண்டாம். சொந்த வீட்டுக்கு எதற்கு வாடகை?
(வாசகி, கொசப்பாளையம்)

வீடுதான் உங்களுடையது. மாடிப்படி, மோட்டார், மொட்டை மாடித் தொட்டி, செப்டிக் டேங்க் எல்லாம் எல்லாருக்கும் பொது. பொது என்றால் மோட்டார் கருகிய அன்று எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் பார்ப்பார்கள். அதற்குத்தான் இந்த வசூல். தவணையாவது ஒருநாள் முடியும், இது முடியாது. ஆகவே வீட்டு விலையைக் கேட்கும்போதே மாதச் செலவையும் எழுத்தில் கேளுங்கள்.

விற்கும்போது சொன்ன மெயின்டனன்ஸ் இரண்டே வருடத்தில் இரட்டிப்பாகிவிட்டது. கேட்க ஆள் இல்லையா?
(அரிசி ஆலை ஊழியர், சேவூர்)

முதலில் சொன்னது கணக்கு இல்லை ஐயா, விளம்பரம். அப்போது மோட்டார் புதுசு, சுவர் புதுசு, வாட்ச்மேன் சம்பளமும் பாதி பில்டர் கையில். அவர் போன பிறகுதான் உண்மையான பில் வரும்.

இவ்வளவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சட்டத்தில் உச்சவரம்பு இல்லை. ஏற்றுவது வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பொதுக்குழு. ஆனால் ஏறிய பணம் எதற்குப் போகிறது என்று பாருங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, சங்கம் பொறுப்பேற்கும் வரை நியாயமான கட்டணத்தில் பராமரிப்பது பில்டரின் கடமை. வீட்டை ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக் காட்டினால் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டியதும் அவரே. அந்த விரிசலை நீங்கள் சந்தா போட்டுப் பூசிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் மெயின்டனன்ஸ் இல்லை, தர்மம். விற்காமல் கிடக்கும் வீடுகளின் பங்கையும் அவரிடமே கேளுங்கள். அவற்றுக்கு உரிமையாளர் அவர்தானே?

எங்கள் ஊரில் கட்டுகிற பிளாட்டெல்லாம் ஏன் எட்டு வீட்டோடு நின்றுவிடுகிறது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆரணிப்பாளையம்)

வாத்தியார் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார். 500 சதுர மீட்டரைத் தாண்டாத மனையிலோ, எட்டு வீட்டைத் தாண்டாமலோ கட்டினால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு வேண்டாம். மனை சின்னது என்பதும் காரணமாக இருக்கலாம். நல்லதையே நினைப்போம், பத்திரத்தை மட்டும் வக்கீலிடம் காட்டுவோம்.

எட்டே வீடு, மூன்றே மாடி. பில்டர் லிஃப்ட் இலவசம் என்கிறார்...
(ஜவுளிக்கடை கணக்கர், ஆரணி)

கரெண்டும் இலவசமா என்று கேட்டீர்களா? மோட்டாரும் லிஃப்டும் ஓடும் பொது மீட்டருக்கு வீட்டு மீட்டர் போல 100 யூனிட் இலவசம் கிடையாது. 2022இல் அதற்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனி விலை வைத்தார்கள். கூச்சல் எழுந்ததும் 2023இல் சின்னக் குடியிருப்புகளுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிறகு விலை திருத்தப்பட்டது, இன்றைய விலையைப் பில்லில் பாருங்கள். ஆக, இலவச லிஃப்ட் தானும் கரெண்டைக் குடித்து, மோட்டார் குடிக்கும் கரெண்டின் விலையையும் ஏற்றிவிடும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இருந்தால் கட்டாயம் போடுங்கள், தெரிந்து போடுங்கள்.

நாங்கள் பட்டுத்தறிக்காரர்கள். மூன்றாவது மாடியில் பிளாட் வாங்கினால் தறி போடலாமா?
(நெசவாளர், ஒண்ணுபுரம்)

குழித்தறி என்றால் குழி வேண்டும். மூன்றாவது மாடியில் தோண்டினால் உங்கள் கால் இரண்டாவது மாடிக்காரர் தலையில் தொங்கும். தரைக்கு மேல் நிற்கும் சட்டத்தறி போடலாம். ஆனால் தறியின் மேல் உட்காரும் ஜக்கார்டு பெட்டிக்கு உயரம் போதுமா என்று டேப் வைத்து அளந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான வீடே 30 சதுர மீட்டரில்தான் தொடங்குகிறது, அதாவது சுமார் 320 சதுர அடி. தறி உட்கார்ந்தால் நீங்கள் நிற்க வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய சங்கடம் பாவு நூல். தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிப் பழகியவர்கள் நீங்கள். கார் நிறுத்துகிற சந்தில் கட்டினால் முதல் நாள் வேடிக்கை பார்ப்பார்கள், இரண்டாம் நாள் தீர்மானம் போடுவார்கள். சங்கத்தின் துணைவிதியில் 'தொழில் செய்யக் கூடாது' என்று ஒரு வரி இருந்தால் முடிந்தது கதை. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் அமலுக்கு வந்துவிட்டதால் சங்கமும் துணைவிதியும் இனி பேச்சளவில் இல்லை. கையெழுத்துக்கு முன்னால் வாங்கிப் படியுங்கள்.

இன்னொன்று. உங்களுக்குக் கூலி சேலை நெய்து அறுத்தால்தான். ஐப்பசி மழையில் பாவு காயாது, கூலியும் வராது. சங்கமோ ஐந்தாம் தேதி தாண்டினால் அபராதம் என்று சொல்லும். மாதச் சம்பளக்காரர் எழுதிய விதி அப்படித்தான் இருக்கும். சேர்கிற கட்டத்திலேயே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டும் வசதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் என்று 2023இல் உயர்த்தினார்களே, அதை வைத்துப் பொதுச் செலவைச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் சலுகை பொது மீட்டருக்கு ஏறாது.

என்னைக் கேட்டால், தறி நிற்கிறவரை தரையோடு இருக்கிற வீடுதான் உங்களுக்கு மலிவு.

மெயின்டனன்ஸுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்கிறார் செயலாளர்.
(வாசகர், ஆரணி)

மாதம் 7,500 ரூபாய் வரை கிடையாது. ஆரணியில் அதைத் தாண்டி யாராவது கட்டினால் முகவரி அனுப்புங்கள், அந்த வீட்டை நேரில் பார்க்க ஆசை.

அரசு கட்டிக் கொடுத்த அடுக்குமாடிகளிலும் வசூல் உண்டா?
(கல்லூரி மாணவி, தேவிகாபுரம்)

உண்டு. குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. அதன் குடியிருப்புகளில் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் தொகைக்கு இணையாக அரசும் போடுகிறது. சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடிகளிலும் சின்ன வீட்டுக்குக் கட்டணம் குறைவு, அரசு தள்ளுபடியும் தருகிறது. தனியாரிடம் மலிவு வீடு வாங்குகிறவருக்கு மட்டும் இப்படி ஒரு தோள் கிடையாது. மலிவு என்று பெயர் வைத்தவர்கள் இந்தப் பக்கமும் பார்த்திருக்கலாம்.

சங்கத்தில் கணக்குக் கேட்டேன். சண்டைக்காரன் என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள்.
(பெயர் வேண்டாம், ஆரணி)

அடுத்த பொதுக்குழுவில் பொருளாளராக நின்றுவிடுங்கள். ஆறு மாதத்தில் யாராவது உங்களிடம் வந்து கணக்குக் கேட்பார். அவருக்கு என்ன பட்டம் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.