ஏரி வெளுத்த கதை

லண்டனிலிருந்தோ கொழும்பிலிருந்தோ யார் வந்தாலும் இப்போதெல்லாம் ஸ்காபரோ புளஃப்ஸ் கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். காற்றடங்கிய நாளென்றால் மண்மலைக்குக் கீழே ஒன்ராறியோ ஏரி பளிச்சென்று நீலமாகக் கிடக்கும். "என்ன சுத்தமான தண்ணி!" என்று ஃபோனை நீட்டுவார்கள். கனடாக்காரன் ஏரியைக்கூடக் கழுவி வைத்திருக்கிறான் என்ற மரியாதை முகத்தில் தெரியும். நான் மறுத்துப் பேசுவதில்லை. மட்டியைப் பற்றித் தொடங்கினால் மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போகும்.

1987இல் நான் வந்தபோது இந்த ஏரியை யாரும் எனக்குக் காட்டவில்லை. நானாகப் போய்ப் பார்த்தேன். மங்கிய பச்சையாக இருந்தது. "கால் வைச்சிடாதை, சொறி பிடிக்கும்" என்றார் எனக்கு முன்னால் வந்து குடியேறிய அண்ணர். உண்மையில் அப்போது ஏரி தேறிக்கொண்டுதான் இருந்தது. கனடாவும் அமெரிக்காவும் 1972இல் ஒப்பந்தம் போட்டு, சலவைத்தூளில் பொஸ்பேற்றைக் குறைத்து, சாக்கடையைச் சுத்திகரித்து, கூட்டத்துக்கு மேல் கூட்டம் வைத்து, அங்குலம் அங்குலமாக நீரைத் தெளியவைத்துக்கொண்டிருந்தன. மட்டிக்கு ஒரு கூட்டமும் தேவைப்படவில்லை.

நான் வருவதற்கு முந்திய ஓகஸ்டில் எங்கள் ஆட்கள் 155 பேர் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து மீட்கப்பட்டிருந்தார்கள். எந்தக் கப்பல் இறக்கிவிட்டது, எங்கிருந்து புறப்பட்டது என்று நாடே துருவித் துருவிக் கேட்டது. ஏறக்குறைய அதே நாட்களில்தான் கருங்கடல், கஸ்பியன் பக்கத்து வரிக்குதிரை மட்டி, சரக்குக் கப்பல்கள் பாரத்துக்காக நிரப்பிவந்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக வந்து இறங்கியது. அதனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. 1988இல் சென் கிளேர் ஏரியில் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடம் எங்கள் ஏரியிலும் இருந்தது.

நகமளவு உயிர்தான். ஆனால் ஒரு பெண் மட்டி வருடத்துக்குப் பத்து லட்சம் முட்டை வரை விடும். நார் விட்டு எதிலும் ஒட்டிக்கொள்ளும். 1989 டிசெம்பரில் மிச்சிகனில் மன்றோ என்ற நகரத்தின் குடிநீர்க் குழாய்வாயை அடைத்து, ஊரையே தவிக்கவிட்டது. உள்ளூர் மட்டிகளின் ஓட்டின்மேலேயே ஏறி உட்கார்ந்து, அவற்றை வாய் திறக்கவிடாமல் பட்டினி போட்டது. சென் கிளேர் ஏரியின் திறந்த நீர்ப்பரப்பில் இருந்த பழைய குடிகள் சில வருடங்களுக்குள் அநேகமாக அழிந்தே போயின.

ஒரு மட்டி நாளொன்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் வரை வடிகட்டும். வடிகட்டினால் நல்லதுதானே என்று என் மனைவி கேட்டாள். வடிகட்டி எடுப்பது அழுக்கையல்ல, சாப்பாட்டை. நீரில் மிதக்கும் நுண்பாசியைத் தின்றுதான் நுண்விலங்குகள் வாழ்கின்றன. அவற்றைத் தின்று மீன் வளர்கிறது. அந்தப் பாசி இப்போது அடித்தளத்தில் ஓட்டுக்குள் போய்விடுகிறது. இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான டிப்போரியா ஏரியின் பெரும்பகுதியில் காணாமல் போய்விட்டது. அதைத் தின்று கொழுத்த வெள்ளைமீன் மெலிந்துவிட்டது. விருந்தாளிகள் படம் பிடிக்கும் நீலம் பட்டினியின் நிறம்.

வரிக்குதிரை மட்டியும் நிலைக்கவில்லை. அதன் ஒன்றுவிட்ட சகோதரம் குவாகா மட்டி பின்னாலேயே வந்தது. ஆழம், குளிர், சேறு எதற்கும் அஞ்சாத சாதி. முன்னே வந்ததைத் தள்ளிவிட்டு இப்போது ஏரி முழுவதும் அதன் ஆட்சிதான். இரண்டையும் தின்ன அவற்றின் ஊரிலிருந்தே கோபி என்ற மீனும் கப்பலேறி வந்து சேர்ந்தது. ஊர்க்காரனை ஊர்க்காரன் தின்று கணக்குத் தீரும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். தீரவில்லை. மட்டியைத் தின்ற கோபியை லூன் பறவை தின்றது. பொட்டுலிசம் நஞ்சு இந்த வழியாகத்தான் ஏறுகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். நான் வந்த வருடம் வெளியான ஒரு டொலர் நாணயத்தில் இருப்பதும் அதே லூன்தான். நாணயத்தில் இன்னும் கம்பீரமாக நீந்துகிறது. கரையில் செத்து ஒதுங்குகிறது.

வெளிச்சம் ஆழம்வரை இறங்குவதாலும், மட்டியின் கழிவே உரமாவதாலும் பாறையெங்கும் கிளடோபோரா பாசி தழைக்கிறது. கோடையில் அறுந்து கரையில் குவிந்து அழுகும். சாக்கடை உடைந்துவிட்டது என்று சனம் நகரசபைக்கு ஃபோன் போடும். பிக்கரிங் அணுமின் நிலையத்தின் நீர்வாயிலும் பாசி சிக்கியிருக்கிறது. அழுக்கென்று நாங்கள் ஒதுங்கிய காலத்தில் இந்த நாற்றம் இவ்வளவு இல்லை. சுத்தமான பிறகு மூக்கைப் பொத்துகிறோம்.

கப்பல்கள் நடுக்கடலின் உப்புத் தண்ணீரால் தொட்டியைக் கழுவிவிட்டு வரவேண்டும் என்று கனடா 2006இல் சட்டமாக்கியது. அதன்பிறகு புதிதாக வருபவை குறைந்துவிட்டன. வந்தவற்றைத் திருப்பி அனுப்ப வழியில்லை. படகில் ஒட்டிக்கொண்டு மற்ற ஏரிகளுக்குப் போகாமல் தடுக்கத்தான் முடியும். ஆகையால் இப்போது விசாரணையெல்லாம் படகுகளுக்குத்தான். அல்பேர்ட்டா மாகாணத்தில் மட்டியை மோப்பம் பிடிக்க நாய்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

என் மருமகன் வேலை மாறிக் கல்கரிக்குப் போனபோது தன் மீன்பிடிப் படகையும் இழுத்துக்கொண்டு போனான். சோதனைச் சாவடியில் நாய் ஒருமுறை சுற்றிவந்தது. அதிகாரி, "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்றார். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவன் அவன். "நான் இங்கேயே பிறந்தவன்" என்றான் சூடாக.

"உங்களைக் கேட்கவில்லை. படகைக் கேட்டேன்."