பப் வாசலில் நீலத் தாள்

கேள்வி: இங்கிலாந்தில் தெருமுனையில் பப் திறக்க உள்ளூர் கவுன்சில் அனுமதி வேண்டுமாமே? அக்கம்பக்கத்தார் எதிர்த்தால் தடுத்துவிடலாமா?

பதில்: எதிர்க்கலாம். ஆனால் 'குடி குடியைக் கெடுக்கும்' என்று மட்டும் எழுதினால் எடுபடாது. 2003-ம் ஆண்டு உரிமச் சட்டம் நான்கே விஷயங்களைத்தான் பார்க்கும்: குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை, குழந்தைகள் நலன். விண்ணப்பித்தவர் வெளிர்நீலத் தாளில் நோட்டீஸ் அடித்து 28 நாள் வாசலில் ஒட்டிவைக்க வேண்டும். யாரும் வாய் திறக்காவிட்டால் லைசென்ஸ் கிடைத்துவிடும். ஆட்சேபணை வந்தால் கவுன்சிலர்கள் மூவர் உட்கார்ந்து விசாரிப்பார்கள். பல சமயம் தீர்ப்பு இந்த ரகம்: பப் உண்டு; ராத்திரி பத்துக்கு மேல் தோட்டத்தில் ஆள் கூடாது, ஜன்னலைச் சாத்து. பிடிக்காதவர் 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம். ஆக, எதிர்வீட்டுக்காரரால் குடியை நிறுத்த முடியாவிட்டாலும், குடித்தவரின் பாட்டையாவது நிறுத்தலாம்!